ஓட்டுக்கு முன் ஒரு கேள்வி: அமாங் அஸ் விளையாடும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொது லாபிகளில் விளையாடும் நண்பர்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம்.

பிணம் கிடைத்ததாகத் திரையில் வந்த மறுநொடியே, எங்கே கிடந்தது என்றுகூடக் கேட்காமல், "ரெட்தான், போடு" என்று எழுதி ஓட்டையும் குத்திவிடுகிறவர்களுக்கு இந்த மடல். கூடவே, அந்த ரெட்டாக உட்கார்ந்துகொண்டு, "அண்ணா நான் இல்லண்ணா, ஒயர்தான் ஜாயின் பண்ணிட்டு இருந்தேன்" என்று தட்டி முடிப்பதற்குள் விண்வெளியில் தூக்கி எறியப்பட்ட தம்பிக்கும். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் இல்லை. இந்த விளையாட்டின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. அது கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விளையாடாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக நாலு வரி. அமாங் அஸ், கைபேசியிலும் கணினியிலும் பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டு. முன்பின் தெரியாதவர்களும் வந்து சேரும் ஆட்ட அறைதான் பொது லாபி. ஒரு விண்கலம். அதில் 4 முதல் 15 பேர் வரை. எல்லாரும் விண்வெளி உடை போட்ட குட்டி உருவங்கள், நிறத்தை வைத்துத்தான் அடையாளம். பெரும்பாலானவர்கள் க்ரூமேட். ஒயர் இணைப்பது, குப்பை கொட்டுவது, கார்டு தேய்ப்பது என்று அவர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் டாஸ்க் இருக்கும். ஒருவரோ இரண்டு மூன்று பேரோ இம்போஸ்டர். அவர்களும் வேலை பார்ப்பதுபோல நடித்துக்கொண்டு, ஆள் இல்லாத இடம் பார்த்து மற்றவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும். பிணத்தை யாராவது பார்த்துச் சொன்னால் மீட்டிங். பேச்சு அப்போது மட்டும்தான். பேசி முடித்ததும் ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவர் கப்பலுக்கு வெளியே போவார், சமமாக வந்தால் யாரும் போக வேண்டாம்.

இன்னர்ஸ்லாத் என்ற சின்ன அமெரிக்க நிறுவனம் 2018 ஜூனில் இதை வெளியிட்டது. இரண்டு வருடம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020-ல் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரத்தில் நேரலையில் விளையாடிக் காட்டுகிறவர்கள் கையில் எடுத்தார்கள், பற்றிக்கொண்டது. இந்தியாவில் அந்த செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் தடை செய்யப்பட்டது. கை சும்மா இருந்த பையன்கள் பலர் அப்போது இந்தக் கப்பலில் ஏறினார்கள். நவம்பரில் உலகம் முழுக்க கிட்டத்தட்ட 50 கோடிப் பேர் விளையாடியதாக சூப்பர்டேட்டா என்ற சந்தை ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தேர்தலில் ஓட்டுப் போடச் சொல்வதற்காக அக்டோபர் 20 அன்று இதை நேரலையில் விளையாடினார். 4 லட்சம் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது இந்த வரலாறு இல்லை. இதன் வேர் எது என்பது முக்கியம். 1986-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் இருந்த திமித்ரி தவிடோவ் என்பவர் மாஃபியா என்ற விளையாட்டை உருவாக்கினார். விஷயம் தெரிந்த சிலர் ஒரு பக்கம், எதுவுமே தெரியாத பலர் மறுபக்கம். அந்தப் பலர் பேசிப் பேசியே அந்தச் சிலரைக் கண்டுபிடிக்க வேண்டும். அமாங் அஸ் அதன் பிள்ளைதான். இன்றைக்கும் ஆண்ட்ராய்டில் இதன் உள்பெயரில் 'ஸ்பேஸ்மாஃபியா' என்று இருக்கிறது.

நாம் சின்ன வயதில் காகிதத்தைக் கிழித்து ராஜா, ராணி, போலீஸ், திருடன் என்று எழுதிக் குலுக்கிப் போட்டு விளையாடியிருக்கிறோமே, அதிலும் போலீஸ் சீட்டு எடுத்தவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் திருடனைச் சொல்ல வேண்டும். சிரிப்பை அடக்குகிறவன், வேண்டுமென்றே ஜன்னலைப் பார்க்கிறவன், சீட்டை இறுக்கிப் பிடித்திருக்கிறவள், இவ்வளவுதான் துப்பு. மீதி எல்லாம் குருட்டு யோகம். அமாங் அஸ் அதற்கு ஒரு படி மேலே போனது. இதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, கேமரா இருக்கிறது, யார் எந்தக் கதவு வழியாகப் போனார்கள் என்பது இருக்கிறது. அதாவது உண்மையான தடயம் இருக்கிறது. ஆனால் நம் பொது லாபிகளில் பல ஆட்டங்கள் மறுபடியும் சீட்டு விளையாட்டாகிவிடுகின்றன. முகம்கூடத் தெரியாது, வெறும் நிறத்தைப் பார்த்துவிட்டு யூகம்!

யூகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற இரு உளவியலாளர்கள், பொய்யை மனிதர்கள் எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அதுவரை நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். சராசரி 54 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். ஆகவே "அவன் பேச்சே சரியில்ல", "அவ ரொம்ப சைலண்டா இருக்கா" என்பதை வைத்து ஓட்டுப் போடுவதில் பெரிய திறமை எதுவும் கிடையாது. எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், எந்த டாஸ்க், அதற்கு முன் எங்கே? இந்த நாலு கேள்வி அந்த 54-ஐ விட எவ்வளவோ மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் வயிறு வலிக்கச் சிரிக்கும் தருணங்கள் எல்லாமே விசாரணையில்தான் பிறக்கின்றன. கேள்வி இல்லாத மீட்டிங்கில் சிரிப்பும் இல்லை. எங்கள் உறவுக்காரர்கள், பழைய கல்லூரித் தோழிகள் எல்லாரும் வார இறுதியில் குரல் அழைப்பில் சேர்ந்து ஒரு தனி அறையில் விளையாடுவோம். அங்கே நடந்த சிலவற்றை எழுதுகிறேன். நீங்கள் எதை இழக்கிறீர்கள் என்று தெரியட்டும்.

ஸ்கெல்ட் கப்பலில் மெட்பே என்று மருத்துவ அறை ஒன்று உண்டு. அதில் ஏறி நின்றால் உடம்பை ஸ்கேன் செய்யும், பச்சை வெளிச்சம் மேலும் கீழும் போகும். இம்போஸ்டருக்கு அந்த வெளிச்சம் வராது. அதனால் ஒருவர் ஸ்கேன் செய்வதை இன்னொருவர் பார்த்துவிட்டால் அவர் நல்லவர் என்பதற்குச் சான்று. ஒருநாள் சித்தி இம்போஸ்டர். நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே தைரியமாகப் போய் அந்த மேடையில் ஏறி நின்றுவிட்டார். வெளிச்சம் வரவில்லை. அடுத்த மீட்டிங்கில் எல்லாரும் பிடித்துக்கொண்டோம். சித்தி குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. "நான் ஏறி நின்னேன்தான். மிஷின் ரிப்பேருடி. நேத்துலேர்ந்தே சரியில்ல." அழைப்பில் இருந்த எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் ஓட்டு நேரமே முடிந்துவிட்டது. போட்ட ஓட்டுகள் சமமாகி சித்தி தப்பித்தார். மெஷின் ரிப்பேர் என்ற வாதம் எங்கள் அறையில் இன்றுவரை செல்லுபடியாகிறது.

அந்த ஸ்கேனில் இன்னொரு வேடிக்கை. திரையில் உயரம், எடை எல்லாம் வரும், பார்த்திருப்பீர்கள். எந்த நிறமானாலும் உயரம் 3 அடி 6 அங்குலம், எடை 92 பவுண்டு. ஏறக்குறைய 107 சென்டிமீட்டர், 42 கிலோ. எங்கள் அண்ணன் மகள் இதைக் கணக்குப் போட்டு, "இவங்க எல்லாரும் என்னைவிடக் குள்ளம், ஆனா என்னைவிட வெயிட்டு" என்று கண்டுபிடித்துச் சொன்னாள். டவுன்லோடு டாஸ்க்கும் அப்படித்தான். நாள் கணக்கு, மணிக் கணக்கு என்று ஏதேதோ நேரம் காட்டும், சில நொடியில் முடிந்துவிடும். மாதிரி பரிசோதிக்கும் டாஸ்க்கில் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், அதுவரை போய்க் காபி குடித்துவிட்டு வரச் சொல்லும். என் மாமா ஒருவர் உண்மையாகவே எழுந்து காபி போடப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அவர் பிணமாகக் கிடந்து, மீட்டிங்கும் முடிந்து, அவரைக் கொன்றவரும் வெளியேற்றப்பட்டிருந்தார்.

சித்தப்பா கதை வேறு. ஆட்டம் ஓடும்போது எல்லாரும் மைக்கை அணைத்திருக்க வேண்டும் என்பது விதி. சித்தப்பாவுக்கு மைக் எப்போது திறந்திருக்கிறது, எப்போது மூடியிருக்கிறது என்பது பிடிபடவே இல்லை. அதனால் அவர் சாகும்போதெல்லாம் "ஐயோ, போயிட்டேன்!" என்று ஒரு குரல் எல்லார் காதிலும் விழும். பிணத்தை யாரும் பார்க்கவில்லை, ஆனால் கொலை நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவரே இம்போஸ்டராக வந்த அன்று, ஆட்டத்தின் நடுவே ஒரு பெருமூச்சும் "அப்பாடா, ஒண்ணு முடிஞ்சுது" என்பதும் கேட்டது. மீட்டிங்கில் கேட்டோம். "கார்டு தேய்ச்சேன்பா, ஒருவழியா முடிஞ்சுதுன்னு சொன்னேன்" என்றார். கார்டு தேய்த்தவர்களுக்குத் தெரியும், அது நம்பத்தக்க பதில். வேகமாக இழுத்தால் வேகம் என்று திட்டும், மெதுவாக இழுத்தால் மெதுவு என்று திட்டும், சரியாக இழுத்தால்கூடப் படிக்க முடியவில்லை என்று சொல்லும்.

ஆனால் அங்கேதான் என் தோழி அவரைப் பிடித்தாள். கார்டு தேய்ப்பது பொது டாஸ்க். ஒருவருக்கு இருந்தால் எல்லாருக்கும் இருக்கும், ஒருவருக்கு இல்லையென்றால் யாருக்கும் இருக்காது. "இந்த ஆட்டத்துல யாருக்காவது கார்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். வரிசையாக எல்லாரும் இல்லை என்றார்கள். சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "எனக்கு மட்டும் குடுத்திருப்பான் போல" என்றார். ஒரே ஒரு கேள்விதான் அவள் கேட்டது. கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. இதுதான் துப்பறிதல் என்று நான் சொல்வது.

இப்போது நம் ஒயர் தம்பிக்கு வருகிறேன். அவன் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டை நான் பல லாபிகளில் பார்த்துவிட்டேன்: "ஒயர் முடிச்சான், ஆனா டாஸ்க் பார் ஏறல, அப்ப நடிக்கிறான்." டாஸ்க் பார் என்பது எல்லாருடைய டாஸ்க்கும் சேர்ந்து எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைப் பட்டை. கேட்க நன்றாக இருக்கிறது, தவறு. ஒயர் டாஸ்க் மூன்று இடத்தில் செய்ய வேண்டியது. மூன்றாவது பலகையை முடிக்கும்போதுதான் பச்சைப் பட்டை ஏறும். முதல் இரண்டில் ஏறாது. ஓர் அறையில் டவுன்லோடு செய்து அட்மின் அறையில் அப்லோடு செய்கிற டாஸ்க்கும் அதேபோலத்தான், டவுன்லோடோடு பட்டை அசையாது. பட்டையை மட்டும் பார்த்து ஆளைத் தூக்கினால் ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள்தான் முதலில் போவார்கள். "எத்தனாவது ஒயர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அப்படி இரண்டு மூன்று ஆட்டத்தில் காரணமே இல்லாமல் வெளியேற்றப்பட்ட பிள்ளை மறுபடி விளையாட வரமாட்டான்.

நிறக் குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பு 12 நிறம் இருந்தது, 2021 ஜூனில் ஆறு சேர்த்து 18 ஆக்கினார்கள். அன்றிலிருந்து, இம்போஸ்டர் ஒளிந்து போகும் காற்றுக்குழாயான வென்ட்டுக்குள் யார் போனார் என்று சாட்சி சொல்வதே பெரும்பாடு. "பச்சை வென்ட்டுக்குள்ள போச்சு." "எந்தப் பச்சை? ரெண்டு பச்சை இருக்கு." "அதான்பா, பச்சைப் பச்சை." எங்கள் அறையில் இதைத் தீர்த்து வைத்தவர் அத்தை. லைம், மெரூன், டான், ரோஸ் என்பதெல்லாம் அவருக்கு வாயில் நிற்கவில்லை. புடவைக் கடையில் சொல்வதுபோலச் சொல்ல ஆரம்பித்தார்: கிளிப்பச்சை, அரக்கு, சந்தனம், வெங்காய நிறம். கேட்ட மாத்திரத்தில் எல்லாருக்கும் புரிந்தது. "அரக்கு அங்க நின்னுச்சு, சந்தனம் அதைத் தாண்டிப் போச்சு, திரும்பி வந்தப்ப சந்தனம் செத்துக் கிடந்துச்சு." இதைவிடத் தெளிவான சாட்சியத்தை நான் எந்த லாபியிலும் கேட்டதில்லை. நீங்களும் முயன்று பாருங்கள்.

பெயர் வைப்பதிலும் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு பொது லாபியில் ஒருவர் தனக்கு 'யாரோ' என்று பெயர் வைத்திருந்தார். "பிணத்துக்குப் பக்கத்துல யார் இருந்தது?" "யாரோ இருந்தாங்க." "யாருன்னு சொல்லு." "அதான் சொல்றேனே, யாரோ." பாவம், அந்தச் சாட்சி சொன்னது முழு உண்மை. அவரைத்தான் வெளியே தள்ளினார்கள். அடுத்த மீட்டிங்கில்தான் ஒருவர் பெயர்ப் பட்டியலை ஒழுங்காகப் படித்தார்.

கும்பலில் நடக்கும் கொலை தனி ரகம். இம்போஸ்டர் விளக்கை அணைத்துவிட்டால் க்ரூமேட்டுக்குக் கண் சரியாகத் தெரியாது, அவருக்கு மட்டும் நன்றாகத் தெரியும். எல்லாரும் எலக்ட்ரிக்கல் அறைக்கு ஓடி, ஒரே சுவிட்ச் பலகை முன்னால் ஒருவர் மேல் ஒருவராக நிற்போம். விளக்கு வரும்போது காலடியில் ஒரு பிணம். எல்லாரும் அங்கேதான் இருந்தோம், யாரும் பார்க்கவில்லை. அன்றைய மீட்டிங்கில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள், எல்லாருமே உறுதியாகச் சொன்னார்கள். அண்ணி மட்டும், "நான்தான் பக்கத்துல நின்னேன், ஆனா எந்தப் பக்கம்னு தெரியல" என்றார். இப்படிப்பட்ட நேரத்தில் ஸ்கிப், அதாவது யாருக்கும் ஓட்டில்லை என்று போடுவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ஸ்கிப் என்று ஒரு பொத்தானை அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், நான் பார்த்ததிலேயே அழகான துப்பு ஒன்று. டொராண்டோவில் இருக்கும் என் தோழிக்கு எங்கள் இரவு நேரம் காலை வேளை, நிதானமாக வந்து உட்காருவாள். அட்மின் அறையில் ஒரு மேசை இருக்கிறது. எந்த அறையில் எத்தனை பேர் என்று தலைகளைக் காட்டும், ஆனால் நிறத்தைக் காட்டாது. பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவள் ஆட்டத்தில் பாதி நேரம் அங்கேயே நின்றாள். மீட்டிங்கில் சொன்னாள்: "எலக்ட்ரிக்கல்ல ரெண்டு பேர் இருந்தாங்க. அதுல ஒருத்தர் அசையவே இல்ல, இன்னொருத்தர் மறைஞ்சார். ரெண்டு நொடியில மெட்பேல புதுசா ஒருத்தர். அவ்வளவு வேகமா நடக்க முடியாது." ஸ்கெல்ட் வரைபடம் தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும்: எலக்ட்ரிக்கல், மெட்பே, செக்யூரிட்டி மூன்றையும் இணைக்கும் வென்ட் இருக்கிறது, எஞ்சினியர் என்ற பாத்திரம் இல்லாத ஆட்டத்தில் வென்ட்டில் இம்போஸ்டர்தான் போவார். அசையாமல் இருந்தது பிணம். "இப்ப மெட்பேல இருந்தது யாரு?" என்று கேட்டாள். எங்கள் பெரியப்பா மகன் குரல்: "ஹலோ... ஹலோ... எனக்கு யார் பேசுறதும் கேக்கல... நெட் போயிடுச்சு..." அவன் வீட்டு இன்டர்நெட் எப்போதெல்லாம் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு ஓட்டுக்கூட மாறவில்லை.

இது போன்ற ஒரு தருணம் எந்தப் பொது லாபியிலும் நடக்கலாம். பாதுகாப்பு கேமராவில் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அதன் சிவப்பு விளக்கு மின்னும். அதைக் கவனித்து, "கேமராவுல இருந்தது யாரு, என்ன பாத்தீங்க?" என்று கேட்கும் ஒருவர் போதும், ஆட்டமே வேறாகிவிடும். இப்போது டிடெக்டிவ் என்ற பாத்திரத்தையே சேர்த்திருக்கிறார்கள். அது உங்களுக்குக் கிடைக்காத ஆட்டத்திலும் நீங்கள் துப்பறிவாளர்தான்.

ஆகவே என் வேண்டுகோள்கள். கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மௌனமாக இருப்பவரை மௌனத்துக்காகவே வெளியேற்றாதீர்கள். நம்மில் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம், அதுவும் கைபேசியில். வேகமாகத் தட்டத் தெரிந்தவன் நல்லவன் என்று ஆகிவிட்டால் இம்போஸ்டர்கள் எல்லாரும் தட்டச்சு பழகிக்கொள்வார்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் அனுமதித்தால் ஒழிய, சொந்தமாக எழுத முடியாது. 2021-ல் வந்த விரைவு அரட்டையில் இருக்கும் தயார் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துத்தான் பேச முடியும். அவர்கள் பேச்சு இயந்திரம் பேசுவதுபோல இருக்கும்தான். "பாட் மாதிரி பேசுறான், போடு" என்று சொல்லும் முன், மறுபக்கம் ஒரு பத்து வயதுக் குழந்தை பொறுமையாக வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறது என்பதை நினையுங்கள்.

இம்போஸ்டர் வரவில்லை என்றதும் வெளியேறுகிற பழக்கத்தை விடுங்கள். ஆட்டம் தொடங்கிய ஐந்தாவது நொடியில் மூன்று பேர் காணாமல் போனால் மீதி இருப்பவர்களுக்கு விளையாட என்ன இருக்கிறது? க்ரூமேட்டாக இருப்பது தண்டனை இல்லை. மேலே நான் எழுதிய கார்டுக் கேள்வியும் அட்மின் மேசைத் துப்பும் க்ரூமேட்டுகள் செய்தவை.

செத்த பிறகும் இருங்கள். ஆவிக்கும் டாஸ்க் உண்டு, சுவரைத் தாண்டிப் போகலாம், எல்லா டாஸ்க்கும் முடிந்தால் செத்தவர் உயிரோடிருப்பவர் எல்லாருக்கும் வெற்றி. உயிரோடு இருப்பவர்கள் தப்புத் தப்பாக ஓட்டுப் போட்டுத் தோற்கும் நிலையில் இருந்தபோது, மூன்று ஆவிகள் பேசாமல் வேலையை முடித்து ஜெயித்துக் கொடுத்த ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் செத்த பிறகு தனி அழைப்பில் நண்பனுக்கு "என்னைக் கொன்னது ப்ளூ" என்று சொல்லாதீர்கள். அந்த ஒரு வரியில் மற்ற எல்லாருடைய ஆட்டமும் போய்விடுகிறது. அவர்கள் கூட்டிக் கழித்து யோசித்தது எல்லாம் வீண்.

பெண் பெயரைப் பார்த்ததும் தொடங்கும் கேள்விகளை நிறுத்துங்கள். எந்த ஊர், என்ன வயசு, இன்ஸ்டா இருக்கா. பிணம் கிடக்கிறது, ஓட்டு நேரம் ஓடுகிறது, இதுவா கேள்வி? நான் பதில் சொல்லாததால் 'சஸ்' (சந்தேகத்துக்குரியவள்) என்று என்னை வெளியேற்றிய லாபிகள் உண்டு. என் தங்கைகள் இதனாலேயே ஆண் பெயரில் விளையாடுகிறார்கள். கப்பலில் எங்கே இருந்தாய் என்று கேளுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்கிறோம். ஊரைக் கேட்காதீர்கள். அப்படி யாராவது கேட்டால் லாபி நடத்துகிறவர் அவரை உடனே நீக்க வேண்டும். அந்தப் பொத்தான் அவர் கையில்தான் இருக்கிறது.

லாபி திறக்கிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பேசும் நேரத்தையும் ஓட்டு நேரத்தையும் கூட்டி வையுங்கள். 15 நொடியில் பத்துப் பேர் எழுத முடியாது. புதியவர்கள் இருந்தால் ஸ்கேன் போன்ற, கண்ணுக்குத் தெரியும் டாஸ்க்குகளை அணைக்காதீர்கள், நிரூபிக்க அவர்களுக்கு ஒரு வழி வேண்டும். நன்றாகப் பழகியவர்களோடு விளையாடும்போது அணைத்துவிடுங்கள், பட்டையையும் மீட்டிங்கில் மட்டும் ஏறும்படி வையுங்கள், அப்போதுதான் விசாரணை சூடுபிடிக்கும். ஆட்டம் தொடங்கும் முன் "இடம் சொல்லாமல் யாரும் ஓட்டுப் போடக் கூடாது" என்று ஒரு வரி எழுதுங்கள். நான் நடத்தும் பொது லாபிகளில் இதைச் செய்கிறேன். முதல் ஆட்டத்தில் இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு வெளியேறுவார்கள். இரண்டாவது ஆட்டத்திலிருந்து மற்றவர்கள் "எங்கே?" என்று தாங்களாகவே கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மூன்றாவது ஆட்டத்துக்குள் யாராவது ஒருவர் மெஷின் ரிப்பேர் அளவுக்கு ஒரு சாக்குச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிடுகிறார். நீங்களும் இந்த வாரம் ஒரு லாபியில் செய்து பாருங்கள்.

அன்புடன்,
உங்களோடு விளையாடும் ஒருத்தி